ஆயுதமும் சொல்லும்: முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இரு உரிமைகளின் வரலாறு (1799–2018)

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு முதலில் பேச்சுரிமையைத் தருகிறது. அடுத்து, கூட்டம் கூடும் உரிமையைத் தரும்போது 'அமைதியாகவும் ஆயுதமின்றியும்' என்று நிபந்தனை வைக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் 1791இல் நடைமுறைக்கு வந்த பத்துத் திருத்தங்களில் முதலாவது பேச்சையும் இரண்டாவது ஆயுதத்தையும் காக்கின்றன. அதனால் அங்கே இரண்டையும் உடன்பிறந்த உரிமைகளாகவே பேசிப் பழகிவிட்டார்கள். இங்கே ஒன்று உரிமையாகவும் மற்றொன்று மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துப் பெறும் உரிமமாகவும் ஏன் பிரிந்தன?

டெல்லியில் நடந்த அரசமைப்பு அவை விவாதங்களிலிருந்து இதற்கு விடை சொல்வது வழக்கம். அந்த விடையின் வேர் தெற்கே இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், மணியாச்சி ஆகிய ஐந்து ஊர்களும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்குள்தான் உள்ளன. அந்நிய ஆட்சி இந்த மண்ணில் முதலில் ஆயுதத்தைப் பறித்தது, பிறகு சொல்லைப் பறித்தது. விடுதலை வந்தபோது மக்கள் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆயுதத்தை அரசிடமே விட்டுவைத்தார்கள். அது நியாயமான உடன்பாடு என்பதே என் முடிவு. ஆனால் அந்த உடன்பாடு மக்களை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. அரசையும் அது கட்டுப்படுத்துகிறது.

பாளையங்களின் ஆயுதம்

முத்துக்குளித்துறையில் கடலுக்கு உரியவர் யார் என்பதை ஆயுதமே நெடுங்காலம் தீர்மானித்து வந்தது. 1530களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவியதற்குப் பின்னாலும் முத்துக்குளிப்பான சலாபத்தின் மீதான போட்டியும் பீரங்கி ஏந்திய கப்பல்களும் இருந்தன. உள்நாட்டில் பாளையக்காரர்களின் காவலும் ஈட்டி, வேல்கம்பு, வளரி, நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றை நம்பியே நடந்தது. ஆயுதம் அன்று தனிமனித உரிமையாக இருக்கவில்லை. ஒரு பாளையத்தில் பிறந்தவன் தன் ஊருக்கும் தலைவனுக்கும் செய்யும் கடமையின் பகுதியாகவே அது இருந்தது.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். ஆணை முழுமையாகப் பலிக்கவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். தூத்துக்குடியும் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. மார்ச் இறுதியில் கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே மாதம் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்த பிறகே கோட்டை விழுந்தது. இந்தப் போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். ஆயுதம் பகைவர்க்கிடையிலும் நட்பாகப் பகிரப்பட்ட கலையாக இருந்த காலம் அது.

அந்தப் போரில் ஆயுதத்தோடு சொல்லும் களம் இறங்கியதைப் பலர் கவனிப்பதில்லை. 1801 ஜூன் 16 அன்று, ஊமைத்துரையோடு சேர்ந்து போரிட்ட மருது சகோதரர் இருவரின் பேரறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியினரையும் விளித்து, அந்நியருக்கு எதிராக ஒன்றுசேரச் சொன்ன அறிக்கை அது. அச்சுக்கூடம் இல்லாத போராளிகள் மதிலையே பத்திரிகையாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருதிருவரும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

இடையில், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கிளர்ச்சியில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர்க்கு மன்னிப்பு. மாற்றாக, அரசின் அனுமதியின்றி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. காவல் இனி கம்பெனியின் பொறுப்பு. ஆயுதத்தைக் கொடு, பாதுகாப்பைப் பெறு என்ற பேரம் தென்தமிழகத்தில் எழுத்தில் வந்தது அப்போதுதான். பேரத்தின் ஒரு தரப்பைக் கேட்கவே இல்லை என்பதால் அதை உடன்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு பூட்டு

அடுத்த முக்கால் நூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த ஒன்பதாவது சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. அதே ஆண்டின் பதினோராவது சட்டமான ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. முந்தைய சட்டம் ரிப்பன் காலத்தில் நீங்கியது. பிந்தையது நீடித்தது.

எந்த வகையில் பார்த்தாலும் இந்த ஆயுதச் சட்டம் இனப் பாகுபாடுதான். எனவே தொடக்க காலக் காங்கிரஸ் அதை அவமானமாகக் கருதியதில் வியப்பில்லை. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ், இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. அந்த மேடையில் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து உணர்ச்சியோடு பேசிய இளைஞர் வங்கத்தைச் சேர்ந்த பிபின் சந்திர பால். இருபது ஆண்டு கழித்து அவர் பெயரே தூத்துக்குடியின் வரலாற்றைத் திருப்பப் போகிறது.

1908: பேச்சுக்கு நாற்பது ஆண்டு

1906இல் ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வெள்ளையர் கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்தது. 1908 பிப்ரவரி இறுதியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் மாலைதோறும் பேசினார்கள். கேட்டவர்களில் மில் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள், வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒரு துப்பாக்கியும் இல்லாமல் கிடைத்த வெற்றி இது. அரசை மிரட்டியதும் இதுவே.

அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துச் சிறை சென்றிருந்த பிபின் சந்திர பால் 1908 மார்ச் 9 அன்று விடுதலையானார். அதைக் கொண்டாட அரசு விதித்த தடையை மீறி, திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் கூட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, இயக்கத் தோழர் பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் அஞ்சல் அலுவலகமும் காவல் நிலையமும் தாக்குதலுக்கு உள்ளாகித் தீப்பிடித்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

வழக்கில் நீதிமன்றத்தின் முன் நின்ற குற்றம் பேச்சுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ, 153அ பிரிவுகள் அதற்குப் பயன்பட்டன. சொற்பொழிவுகளைக் கேட்டுப் போலீசார் எழுதிய குறிப்புகள் சான்றாயின. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, அரசநிந்தனைக்காக ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொன்று என வ.உ.சி.க்கு மொத்தம் நாற்பது ஆண்டு நாடுகடத்தலும் சிவாவுக்குப் பத்து ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது, வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி அழிந்திருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த அதே கோடையில், 1908 ஜூன் 8 அன்று, அரசு ஒரே நாளில் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது: வெடிபொருள் சட்டம், குற்றத்துக்குத் தூண்டும் செய்தித்தாள்கள் சட்டம். வெடிகுண்டையும் அச்செழுத்தையும் ஆட்சியாளர்கள் ஒரே பொருளின் இரு வடிவங்களாகக் கண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டே எட்டயபுரத்துப் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய் 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்த வேண்டியதாயிற்று.

மணியாச்சித் துப்பாக்கி

சொல்லை அடைத்தால் என்ன வரும் என்பதற்கு மூன்றே ஆண்டில் விடை கிடைத்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டிக்குள் திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷை வாஞ்சிநாதன் பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். 1908இல் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கியவர் ஆஷ்.

வாஞ்சியின் தியாகத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் வரலாற்றாய்வு 1908இன் வேலைநிறுத்தத்தையும் இந்தக் கொலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவர் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் சனாதன தருமத்தைக் காப்பதைப் பேசியது. கோரல் மில் தொழிலாளியின் கூலி அதில் இல்லை. துப்பாக்கி ஏந்தியவர் யாருடைய ஒப்புதலையும் கேட்க வேண்டியதில்லை. கடற்கரையில் பேசியவருக்கோ ஒவ்வொரு மாலையும் ஆயிரம் பேரின் ஒப்புதல் தேவைப்பட்டது. சாதி, மதம், தொழில் எனப் பிரிந்து கிடந்தவர்களுக்கு ஏற்கும்படி பேச வேண்டியிருந்தது. சொல் பரந்ததற்கும் தோட்டா தனித்து நின்றதற்கும் இதுவே காரணம். பேச்சுரிமையை நான் மேலே வைப்பதும் இதனால்தான்.

மணியாச்சிக்குப் பிறகு நீலகண்ட பிரம்மச்சாரி முதலியோர் மீது சதி வழக்கு நடந்தது, கண்காணிப்பு இறுகியது. கோரல் மில்லில் கிடைத்தது போன்ற ஒன்று அந்தத் தோட்டாவால் யாருக்கும் கிடைக்கவில்லை.

கராச்சியிலிருந்து அரசமைப்பு அவைக்கு

1887இன் குரல் காங்கிரஸில் நெடுநாள் மறையவில்லை. 1931 மார்ச்சில் கராச்சி மாநாடு நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், கருத்துரிமையோடு, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. அதை நினைவூட்டி, ஆயுத உரிமையையும் அரசமைப்பில் சேர்க்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய அரசு ஆயுதத்தை மறுத்த சூழலில் எழுந்த கோரிக்கை அது. நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமையாக இருக்கலாம், தனியார் ஒவ்வொருவருக்கும் உரிமையாகத் தர முடியாது என்பது அவர் பதிலின் சாரம். திருத்தம் தோற்றது. நாடு பிரிவினைக் கலவரங்களில் குளித்தெழுந்து ஓராண்டே ஆகியிருந்தது. காந்தி கைத்துப்பாக்கிக்குப் பலியாகி ஓராண்டு கூட ஆகவில்லை.

பேச்சுரிமையும் சோதனை இல்லாமல் நிலைக்கவில்லை. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழைச் சென்னை மாநில அரசு தடுத்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தது. 1959இன் ஆயுதச் சட்டம் லிட்டனின் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இனப் பாகுபாடு போனது, உரிமம் தொடர்ந்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை இன்றும் உண்டு. மக்கள் தீர்ப்புச் சொல்லும் வேளையில் ஆயுதம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. 1801இல் வாங்கப்படாத ஒப்புதல், வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வந்த பிறகு இந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

2018

அந்த ஒப்புதலில் அரசின் பங்கு என்ன? ஆயுதமில்லாமல் வந்து பேசுகிறவனைச் சுடாதிருப்பது. இதைத் தூத்துக்குடியைவிடக் கூர்மையாகக் கேட்ட ஊர் அண்மைத் தமிழகத்தில் இல்லை.

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியபுரம் மக்கள் உட்கார்ந்தார்கள். நூறாவது நாளான மே 22 அன்று, 144 தடையையும் மீறி ஆயிரக்கணக்கானோர் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். கல்லெறியும் வாகன எரிப்பும் நடந்தன. அவற்றை மறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. சுட்டதும் வாய் அடைத்ததும் அடுத்தடுத்து நடந்தன. 1878லும் 1908லும் கண்ட அதே இணை. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது; 2024 பிப்ரவரியில் ஆலையின் உரிமையாளரான வேதாந்தா நிறுவனத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்கள் கேட்டது நியாயமான கேள்விதான் என்பதை இவை காட்டுகின்றன.

துப்பாக்கிச்சூட்டை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச்சூட்டுக்குத் தேவையே எழவில்லை, விலகி ஓடியவர்கள் மீதும் மறைவிடங்களிலிருந்தும் சுட்டார்கள் என்று ஆணையம் கண்டது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

1908இல் கைதிலிருந்து தீர்ப்புவரை நான்கு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் பேசியதைக் குற்றமென்று முடிவுகட்ட அந்நிய அரசுக்கு அவ்வளவு காலமே போதுமாக இருந்தது. 2018இல் 13 பேர் இறந்ததை விசாரித்து அறிக்கை கொடுக்கவே நம் ஆணையத்துக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. துப்பாக்கியைக் கேட்காமல் சொல்லை மட்டும் கேட்டு வாங்கிய மக்களுக்கு அரசு பட்ட கடன் இன்னும் தீரவில்லை. ஆணையம் பொறுப்பாக்கியவர்கள் மீது துறை நடவடிக்கையோடு நிறுத்தாமல் குற்றவியல் வழக்குத் தொடர்ந்து, திறந்த நீதிமன்றத்தில் அதை நடத்தி முடிக்க வேண்டும்.