கொண்ணிலைப் புகைப்படங்கள்: பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு மறைந்த அத்தியாயம்

பல்கலைக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் சாதனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அறிவின் பெயரால் அவை தம் மாணவர் மீது செலுத்திய அதிகாரத்தின் வரலாறு அருகியே எழுதப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனங்கள் பல, ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலமாகத் தம் புதுமுக மாணவரை ஆடையின்றி நிறுத்திப் புகைப்படம் எடுத்து வந்தன. இவ்வரலாறு மேற்குறித்த இரண்டாவது வகையைச் சார்ந்தது. ஹாவாட், யேல் ஆகிய பல்கலைக்கழகங்களும், வெல்ஸ்லி, வாசர், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் முதலிய மகளிர் கல்லூரிகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தன. அனுமதி பெற்ற மாணவர் முதல் வாரங்களிலேயே உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைக்கப்பட்டனர். ஆடை முற்றாகவோ பகுதியாகவோ களையப்பட்டது. சில இடங்களில் முள்ளந்தண்டின் வழியே சிறு உலோக ஊசிகள் ஒட்டப்பட்டன. பின்னர் முன்புறமும் பக்கமும் பின்புறமும் படமாக்கப்பட்டன. இவை கொண்ணிலைப் புகைப்படங்கள் என அழைக்கப்பட்டன. கொண்ணிலையாவது ஒருவர் தம் உடலை நிமிர்த்தி நிறுத்தும் பாங்கு.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பது முதற்கண் நோக்கற்பாலது. 1879ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹெமன்வே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணிப்பாளராக நியமிக்கப்பட்டவர் டட்லி அலன் சார்ஜன்ற் என்னும் வைத்தியர். மாணவரின் உடலை அளந்து, அவ்வளவுகளுக்கு ஏற்பப் பயிற்சி விதிப்பதே அவரது முறை. அளவைநாடாவுடன் புகைப்படக் கருவியும் விரைவிற் சேர்ந்துகொண்டது. அவர் திரட்டிய அளவைகளின் சராசரியைக் கொண்டு வடிக்கப்பட்ட ஓர் ஆணினதும் ஒரு பெண்ணினதும் சிலைகள் 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. தனி மாணவரின் நலனுக்கென எடுக்கப்பட்ட அளவை, ஓர் இனத்தின் இலட்சிய உருவத்தை வரையும் கருவியாக மாறிய முதற் கட்டம் இதுவெனலாம்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் கொண்ணிலை பற்றிய அச்சம் அந்நாட்டிற் பரவலாயிற்று. கூனல் முதுகு கசநோய்க்கும் செமிபாட்டுக் கோளாறுகளுக்கும் சோம்பலுக்கும் காரணமெனக் கருதப்பட்டது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொண்ணிலைக் கழகம் நிறுவப்பட்டது. 1917ஆம் ஆண்டில் லொயிட் பிறவுண் என்னும் என்பியல் வைத்தியர், ஹாவாட் முதலாம் வருட மாணவரை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்கு 80 வீதமளவிலானோர் குறைபாடான கொண்ணிலை உடையவர் என அறிவித்தார். எண்பது வீதத்தினரிடம் காணப்படுவது நோயா, அன்றி மனித இயல்பா என்ற வினா எழுந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவ்வினாவை எழுப்பியோர் சிலரே. மகளிர் கல்லூரிகளிற் கொண்ணிலைக்குப் புள்ளி வழங்கப்பட்டது. குறைந்த புள்ளி பெற்றோர் திருத்தப் பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு புகைப்படம் எடுத்தல் மருத்துவப் பரிசோதனையின் ஓர் அங்கமாக, எவரும் ஐயுறாத நடைமுறையாக நிலைபெற்றது.

இந்நிலைபெற்ற நடைமுறையைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக் கொண்டவர் வில்லியம் ஹேபேட் ஷெல்டன் (1898 - 1977) என்னும் உளவியலாளர். மனித உடல் அனைத்தும் மூன்று கூறுகளின் கலப்பு என்பது அவரது கோட்பாடு. உருண்டு பருத்த தன்மை, தசைப்பற்றுள்ள தன்மை, மெலிந்து நீண்ட தன்மை என்பன அக்கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை எண் வழங்கி, மூவெண் கொண்ட ஒரு குறியீட்டால் எம்மனிதரையும் வகைப்படுத்தலாம் என்றார் அவர். 1940இல் வெளியான அவரது முதல் பெருநூல், கல்லூரி மாணவர் 4,000 பேரின் புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டது. 1942இல் வெளிவந்த நூல் இவ்வுடல் வகைகளைக் குணவியல்புகளுடன் பிணைத்தது. 1949இல் வெளிவந்த நூல், பொஸ்ரன் நகர இளைஞர் 200 பேரின் உடலமைப்பை ஆராய்ந்து, அதனைக் குற்றச் செயலுடன் தொடர்புபடுத்த முற்பட்டது. 1954இல் ஆண்களின் உடல் வகைகளுக்கான படத்தொகுதி நூலுருப் பெற்றது. அதற்கு இணையாகப் பெண்களுக்கெனவும் ஒரு படத்தொகுதி திட்டமிடப்பட்டதெனினும் அது வெளிவரவேயில்லை.

ஷெல்டனின் சிந்தனை அவருக்கே உரிய தனிச்சரக்கன்று. இனமேம்பாட்டியல் என்னும் சொல்லை 1883இல் ஆக்கிய பிரான்சிஸ் கோல்ற்றன், அடுத்த ஆண்டே இலண்டன் கண்காட்சியொன்றில் உடலளவைக் கூடம் அமைத்துப் பொதுமக்களை அளந்தவர். ஹாவாட்டின் மானிடவியற் பேராசிரியர் ஏணஸ்ற் ஹூற்றன், 1939இல் வெளியிட்ட நூல்களிற் குற்றத்தை உடற்கூற்றோடு இணைத்தவர். மனிதரின் பெறுமதி உடலிற் பொறிக்கப்பட்டுள்ளது, அதனை அளந்தறியலாம், அறிந்தபின் சமூகத்தைத் திட்டமிடலாம் என்பதே இவர்கள் அனைவரையும் பிணைத்த நம்பிக்கை. ஷெல்டன் நாணயவியலிலும் வல்லுநராக விளங்கியமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பழைய அமெரிக்கச் சத நாணயங்களின் தரத்தை 1 முதல் 70 வரையான எண்ணாற் குறிக்கும் அளவுகோலை 1949இல் அவரே வகுத்தார். நாணயத்துக்கு எண் இடுவதும் மனிதருக்கு எண் இடுவதும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் எனக் கருதுதல் தவறாகாது.

இப்புகைப்பட முறையின் வேர் இன்னும் ஆழமானது. 1869ஆம் ஆண்டில் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளில் வாழும் மக்களை ஆடையின்றி, அளவுகோலின் அருகே, முன்புறமாகவும் பக்கமாகவும் நிறுத்திப் படமெடுத்து அனுப்பும்படி குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் வாயிலாக வேண்டினார். சில இடங்களில் மறுக்க இயலாத சிறைக்கைதிகளே இதற்குக் கிடைத்தனர். இலங்கையும் இவ்வகை ஆய்வுக்குப் புறம்பானதன்று. சுவிற்சலாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த போல் சரசின், பிறிற்ஸ் சரசின் என்னும் ஆய்வாளர் வேடர்களை அளந்தும் படமெடுத்தும் 1892, 1893ஆம் ஆண்டுகளில் விரிவானதொரு நூலை வெளியிட்டனர். ஆளப்பட்ட மக்களை நிறுத்திய அதே முறையில், அரை நூற்றாண்டின் பின் ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகளும் நிறுத்தப்பட்டனர் என்பதே இவ்வரலாற்றின் முரண்.

அறிவியல் என்ற வகையிலும் ஷெல்டனின் கோட்பாடு நிலைக்கவில்லை. ஒருவரது உடல் வகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்பது அதன் அடிப்படை. மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் பட்டினிப் பரிசோதனையிற் பங்குகொண்டோரின் படங்களை ஆராய்ந்த கேபிரியல் லாஸ்கர், உணவு குறைந்தபோது உடல் வகை எண்ணும் மாறுவதை 1947இல் எடுத்துக் காட்டினார். குற்றம் பற்றிய ஷெல்டனின் நூலைச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1951இற் கடுமையாக மறுத்தார். ஷெல்டனின் உதவியாளராகப் பணியாற்றிய பாபரா ஹீத் என்பவரும் அவரது மாறாநிலைக் கொள்கையைக் கைவிட்டார். லின்ட்சே காட்டருடன் இணைந்து 1967இல் அவர் வெளியிட்ட முறை, உடலின் அன்றைய நிலையை மாத்திரமே குறிப்பது. அம்முறை விளையாட்டு விஞ்ஞானத்தில் இன்றும் பயன்படுகின்றது. எனினும் கோட்பாடு பொய்த்தமையே இதன் குற்றம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கோட்பாடு முற்றிலும் உண்மையாக இருந்திருப்பினும், மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அணுவளவும் குறைந்திராது.

அவ்வநீதி யாது? முதலாவது, சம்மதம் பெறப்படாமை. 1947ஆம் ஆண்டு நூரம்பேர்க் நெறிக்கோவை, மனிதர் மீதான பரிசோதனைக்கு அவரது சுயவிருப்பான சம்மதம் இன்றியமையாதது என முதல் விதியாக வகுத்தது. அந்நெறிக்கோவை உருவாகியபோதும், அதன் பின்னர் இருபது ஆண்டுகள் வரையிலும், அமெரிக்கக் கல்லூரிகளிற் படமெடுப்புத் தொடர்ந்தது. மாணவர் எவரும் பலாத்காரமாக இழுத்து வரப்படவில்லை என்பர் சிலர். உண்மையே. ஆயின் பதினெட்டு வயதில், வீட்டை விட்டு முதன்முறையாக வந்து, வரிசையில் நிற்கும் ஒருவர், எல்லோரும் செய்வதைத் தாமும் செய்தலைச் சம்மதம் எனல் சாலாது. மறுக்கும் வழி இல்லாத இடத்தில் இணக்கம் என்பது கீழ்ப்படிவின் மறுபெயரே.

இரண்டாவது, நோக்கம் மறைக்கப்பட்டமை. முதுகைத் திருத்துவதற்கென எடுக்கப்பட்ட படம், குணத்தையும் அறிவையும் எடைபோடும் ஆய்வுக்குக் கைமாறியது. ஒன்றுக்கெனப் பெற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்துதல் நம்பிக்கைத் துரோகமாகும். மூன்றாவது, காவல் இன்மை. உடலின் உருவம் யார் கையில், எவ்வளவு காலம், எதற்காக இருக்கும் என்பதை அவ்வுடலுக்குரியவர் அறியவில்லை. ஷெல்டனின் மறைவின் பின் அவரது தொகுதி ஸ்மித்சோனியன் நிறுவகத்தின் தேசிய மானிடவியற் சுவடிகள் காப்பகத்தைச் சென்றடைந்தது.

எதிர்ப்பே எழவில்லை எனவும் கொள்ளலாகாது. 1950 செப்ரெம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் குழுவினர் முதலாம் வருட மாணவியரைப் படமெடுக்கத் தொடங்கினர். மாணவி ஒருவர் அதனைத் தம் பெற்றோரிடம் கூறினார். மறுநாளே சட்டத்தரணிகளும் பல்கலைக்கழக அதிகாரிகளும் ஆய்வுகூடத்துட் புகுந்து, அம்மாணவியரின் படங்களைக் கைப்பற்றி எரித்தனர். ஒரு மாணவியின் ஒரு சொல் சாதித்ததை, ஏனைய நிறுவனங்களிற் பேராசிரியர் எவரும் சாதிக்க முயலவில்லை என்பது சிந்தனைக்குரியது. 1960களின் பிற்பகுதியளவில் இவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. சில நிறுவனங்கள் தம் வசமிருந்த படங்களைச் சத்தமின்றி அழித்தன.

மௌனம் கலைந்தது மிகப் பிந்தியே. 1995 ஜனவரி 15ஆம் திகதி, நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் றொன் றோசன்பாம் எழுதிய நீண்ட கட்டுரை இவ்வரலாற்றை வெளிக்கொணர்ந்தது. பெரும் அதிர்ச்சி எழுந்தது. ஸ்மித்சோனியன் நிறுவகம் தொகுதியைப் பார்வையிடும் வாய்ப்பை நிறுத்தியது. யேல் பல்கலைக்கழகத்தின் வேண்டுகோளின்படி அதன் மாணவரின் படங்கள் அவ்வாண்டிலேயே அழிக்கப்பட்டன.

இவ்வழிப்பு வரலாற்று மாணவரை ஓர் இக்கட்டில் நிறுத்துகின்றது. ஆவணத்தை அழித்தல் வரலாற்றை அழித்தல் அன்றோ? குற்றம் புரிந்த நிறுவனமே சான்றையும் அழித்தல் முறையோ? இவ்வினாக்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் படங்களையும் சான்றுகளையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. திணைக்களங்களின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், பாடவிதிகள், ஷெல்டனின் நூல்கள், மாணவரின் நினைவுரைகள் ஆகியன எவருடைய மானத்தையும் பணயம் வைக்காமல் இவ்வரலாற்றைக் கூறவல்லன. அவை பேணப்படுதல் கட்டாயம். உடலின் உருவம் அவ்வுடலுக்குரியவரின் உடைமை. அதன் கதியைத் தீர்மானிக்கும் உரிமை முதலில் அவருக்கே உண்டு.

பிறிதொன்றும் கூறல் தகும். ஷெல்டனின் தொகுதியில் மாணவர் மாத்திரமன்றி, மனநோய் வைத்தியசாலைகளிலும் சிறைகளிலும் இருந்தோரின் படங்களும் இடம்பெற்றிருந்தன. 1995இல் எழுந்த அதிர்ச்சி பெரிதும் யேல், வெல்ஸ்லி மாணவரைப் பற்றியதாகவே அமைந்தது. செல்வாக்குள்ளோரின் படங்கள் அழிக்கப்பட வேண்டுகோள் விடுக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. நோயாளிக்கும் கைதிக்கும் குடியேற்ற நாட்டு மக்களுக்கும் அத்தகைய குரல் எளிதில் வாய்ப்பதில்லை.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுத் தேசிய ஆராய்ச்சிச் சட்டமும், 1979ஆம் ஆண்டுப் பெல்மன்ற் அறிக்கையும் ஆய்வுக்கு உட்படுவோரின் உரிமைகளை வரையறுத்தன. இன்று ஆய்வு ஒழுக்கக் குழுக்கள் பல்கலைக்கழகந்தோறும் உள்ளன. படிவங்களிற் கையொப்பம் பெறப்படுகின்றது. எனினும் வரிசையில் நிற்கும் புதுமுக மாணவருக்கு மறுக்கும் துணிவைத் தருவது படிவம் அன்று. மறுத்தாலும் தமக்குத் தீங்கு நேராது என்னும் உறுதியே அது. அவ்வுறுதியை வழங்காத கல்விக்கூடம், எத்துணைப் புகழ் பெற்றதாயினும், தன் மாணவரை மனிதராக அன்றி மாதிரிப் பொருளாகவே நோக்குகின்றது.