ஊளையும் வேலியும்

‘ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். போலிக் கருணைக்கு நாம் காட்டும் உதாரணமே ஓநாயின் அழுகைதான். அந்த அழுகை உண்மையில் என்ன, யாருக்காக என்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த ஆய்வில் பெரும்பங்கு காட்டுக்குள் நடக்கவில்லை. வேலிக்குள் அடைக்கப்பட்ட ஓநாய்களுக்கு முன்னால் நின்றுதான் நடந்தது. அங்கிருந்து நல்ல அறிவும் வந்தது, ஒரு பெரிய பிழையும் வந்தது. பிழைதான் வேகமாகப் பரவி, இன்று நம் அலுவலகக் கூட்ட அறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கதை சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலையில் தொடங்குகிறது. ருடால்ஃப் ஷெங்கெல் என்ற விலங்கியலாளர் அங்கிருந்த ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1947இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். வால் எந்த உயரத்தில் நிற்கிறது, காது முன்னால் சாய்கிறதா பின்னால் மடிகிறதா, உதடு எப்போது சுருங்குகிறது என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். ஓநாயின் உடல்மொழியை அவ்வளவு பொறுமையாக அதற்குமுன் யாரும் எழுதியதில்லை. இன்றும் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைத் தேடிப்போகிறார்கள்.

ஆனால் அவர் இன்னொன்றையும் எழுதினார். கூட்டத்தில் ஓயாத போட்டி நடக்கிறது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மேலே இருப்பது சண்டையிட்டு அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. ‘ஆல்ஃபா ஓநாய்’ என்ற கருத்து பரவியதற்கு இந்த ஆய்வுதான் அடிப்படை. இப்படி வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம்கூட ஓநாயிடமிருந்து வந்ததல்ல. 1920களில் நார்வேக்காரரான ஷெல்டெரூப்-எப்பே, எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. கோழிக் கூண்டிலிருந்து ஓநாய்க் கூண்டுக்கு, அங்கிருந்து மனிதனுக்கு. நாய்ப் பயிற்சியாளர்கள், தலைமைத்துவப் பட்டறை நடத்துபவர்கள், ஆண்மைக்கு வகுப்பு எடுக்கும் யூடியூப் பிரசங்கிகள் என எல்லாரும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மேலே இருக்கிறவன் அடித்துத்தான் மேலே வந்தான், அதுதான் இயற்கை என்று சொல்ல வசதியாக இருந்தது.

அந்தக் கூண்டின் அளவைப் பார்ப்போம். சுமார் 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். ஏறக்குறைய இரண்டரைப் பூப்பந்துத் திடல். அதற்குள் பத்து ஓநாய்கள் வரை இருந்தன. காட்டில் ஒரு கூட்டத்தின் எல்லை நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வரைக்கும் விரியக்கூடியது. அங்கே வளர்ந்த குட்டிக்குப் பெற்றோரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது கிளம்பிப் போய்விடும். எப்படியும் பெரும்பாலானவை ஓரிரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் போய்விடுகின்றன. பாசெலில் எங்கே போவது? ஒரு பொருளை எந்த நிலையில் சோதித்தோமோ அந்த நிலைக்குத்தான் முடிவு பொருந்தும் என்பது பொறியியல் முதலாமாண்டுப் பாடம். ஷெங்கெல் அளந்தது பொய்யல்ல. ஓட வழியில்லாத இடத்தில் ஓநாய் என்ன செய்யும் என்பதை அவர் சரியாகவே அளந்தார். அதை ‘ஓநாய் என்ன செய்யும்’ என்று சுருக்கிச் சொன்னபோதுதான் பிழை நுழைந்தது.

இதில் வேதனையானது என்னவென்றால், சரியான பதில் அதற்கு முன்பே அச்சில் இருந்தது. அமெரிக்காவின் அடால்ஃப் மியூரி 1939 முதல் அலாஸ்காவின் மௌண்ட் மெக்கின்லி பகுதியில் காட்டு ஓநாய்களைக் கவனித்தார். 1944இல் அவர் வெளியிட்ட நூலில் வருவது ஒரு குடும்பம். தாயும் தகப்பனும் குட்டிகளும், குட்டிகளைப் பார்த்துக்கொள்ள உதவும் மற்ற பெரிய ஓநாய்களும், அவற்றுக்கிடையே இருந்த நட்பும்தான் அதில் அதிகம். இருந்தும் உலகம் பிடித்துக்கொண்டது பாசெலின் சண்டையைத்தான்.

‘ஆல்ஃபா’வைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச். 1970இல் வந்த அவருடைய ‘தி வுல்ஃப்’ என்ற நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பிறகு 1986 முதல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் தங்கி, மனிதரைக் கண்டு ஓடாத காட்டு ஓநாய்களை அருகிலிருந்து பார்த்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரை நேரடியானது. வழக்கமான ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அதன் ‘தலைவர்கள்’ சண்டையில் வென்றவர்கள் அல்ல, பெற்றோர். அப்பாவை யாராவது ‘ஆல்ஃபா’ என்று கூப்பிடுவோமா? தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லி அவரே பதிப்பகத்திடம் பலமுறை கேட்டார். 2022இல்தான் அது நின்றது.

இதையும் எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. அங்கே ட்ரூயிட் பீக் என்ற கூட்டம் 2001இல் 37 ஓநாய்களாகப் பெருகியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண் ஓநாய்கள் குட்டி போடும், அவற்றுக்கிடையே கடுமையான போட்டியும் இருக்கும். ஆக, ஆதிக்கமே இல்லை என்பதல்ல. அதுதான் ஓநாயின் சாரம் என்று சொன்னதுதான் தவறு.

சரி, அப்படியென்றால் அடைப்பில் பார்த்தது எல்லாமே வீணா? ஊளையின் கதை வேறு மாதிரி போகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அல்கோன்குவின் பூங்கா இருக்கிறது. 1950களின் கடைசி வரை அங்கே பூங்காக் காவலர்களே ஓநாய்களைக் கொன்றுவந்தார்கள். அதன்பிறகு டக்ளஸ் பிம்லாட் தலைமையில் ஆய்வு தொடங்கியது. அடர்ந்த காட்டில் ஓநாயைக் கண்ணால் காண்பது கஷ்டம். அதனால் பதிவுசெய்த ஊளையை ஒலிபரப்பினார்கள், காட்டிலிருந்து பதில் வந்தது. பிறகு மனிதன் வாயைக் குவித்து ஊளையிட்டாலும் பதில் வரும் என்று தெரிந்தது. 1963 ஆகஸ்டில் பொதுமக்களையும் அழைத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கானோர் காரில் வந்து, இருட்டில் பேசாமல் நின்று, அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அதே மாநிலத்தில் ஓநாயைக் கொன்றால் சன்மானம் தரும் சட்டம் 1972 வரைக்கும் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் ஜான் தீபெர்ஜ், புரூஸ் ஃபால்ஸ் இருவரும் அடைப்பிலிருந்த ஓநாய்களின் ஊளையைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1967இல் வெளியிட்டார்கள். ஊளையின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 150 முதல் 780 ஹெர்ட்ஸ் வரை. தாழ்ந்த ஒலி என்பதால் மரங்களுக்கிடையே அதிகம் சிதறாமல் தூரம் போகும். ஒவ்வொரு ஓநாய்க்கும் தனிக் குரல் உண்டு என்பதும் இப்படித்தான் தெரியவந்தது. காட்டில் ஊளையிட்டது யார் என்று தெரியாது. அடைப்பில் தெரியும். அந்த இடத்தில் வேலி உதவியது.

அடைப்புக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் புரியும். ஒரு ஓநாய் தலையைத் தூக்கி ஆரம்பிக்கும். படுத்திருந்தவை எழுந்து ஓடிவரும், வாலாட்டும், ஒன்றையொன்று முகர்ந்து வாயை நக்கும். பிறகு எல்லாம் சேர்ந்துகொள்ளும், ஆனால் ஒரே சுருதியில் அல்ல. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். அதனால் மூன்று நான்கு ஓநாய்கள் பத்துப் பதினைந்து போலக் கேட்கும். எல்லையில் நிற்கும் வேற்றுக் கூட்டத்துக்கு அது எச்சரிக்கை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கோ அது ஒரு குடும்பம் ஒன்றுகூடுவது போல இருக்கும். நிலவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2013இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்ப்ருனில் உள்ள ஓநாய் ஆய்வு மையம் ஒரு எளிய சோதனையின் முடிவை வெளியிட்டது. அங்கே கையால் வளர்க்கப்பட்ட ஒன்பது ஓநாய்கள் இரண்டு கூட்டங்களாக இருந்தன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டுக்குள் முக்கால் மணிநேரம் நடக்கக் கூட்டிப்போனார்கள். உள்ளே இருப்பவை எவ்வளவு ஊளையிடுகின்றன என்று எண்ணினார்கள். அவற்றின் எச்சிலில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். வெளியே போனது தலைமை ஓநாய் என்றால் ஊளை கூடியது. நெருங்கிய தோழன் என்றாலும் கூடியது. வெறும் பதற்றம் என்றால் கார்ட்டிசோல் ஏற ஏற ஊளையும் ஏறியிருக்க வேண்டும். தோழமைக்கு ஏற்பக் கூடிய ஊளையை அந்த ஹார்மோனால் விளக்க முடியவில்லை. போனது யார் என்பதைப் பொறுத்தே குரல் எழுந்தது.

நம் பழமொழி கேட்டது சரியான கேள்விதான்: ஓநாய் யாருக்காக அழுகிறது? பதில் ஆடு அல்ல. கூடப் படுத்து எழும் இன்னொரு ஓநாய்.

பாசெலிலும் வேலி இருந்தது, எர்ன்ஸ்ட்ப்ருனிலும் வேலி இருக்கிறது. ஆனால் எர்ன்ஸ்ட்ப்ருனில் வேலியும் சோதனையின் ஒரு பகுதி. ஒன்று வெளியே, மற்றவை உள்ளே என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. பாசெலின் முடிவைப் பரப்பியவர்கள் வேலியை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

ஊளை உயிரைத் தீர்மானித்த சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் சிவப்பு ஓநாய் 1970களில் டெக்சஸ், லூசியானா கரையோரத்தில் மட்டும் எஞ்சியிருந்தது, அதுவும் கயோட்டிகளோடு கலந்துகொண்டிருந்தது. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற 400க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பிடித்தார்கள். உடல் அளவு, மண்டையோட்டு எக்ஸ்ரே, குரல் ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுத்ததில் 43 தேறின. இனவிருத்திக்குக் கடைசியில் எஞ்சியவை 14. 1980இல் காட்டில் அந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 1987இல் அடைப்பில் பிறந்தவற்றை வட கரோலினாவில் திறந்துவிட்டார்கள். இன்றும் அங்கே அவை மிகக் குறைவுதான். ஆனாலும் அந்தக் காட்டில் கேட்கும் ஒவ்வொரு ஊளையும் ஒரு வேலியைத் தாண்டி வந்தது.

அதனால் வேலியைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியவில்லை. வேலியை மறந்துவிட்டுப் பேசுவதுதான் பிரச்சினை. அடுத்தமுறை ஒரு பயிற்சிப் பட்டறையில் யாராவது மேடையேறி ‘நீங்க ஆல்ஃபாவா இருக்கணும்’ என்று சொன்னால், நாம் ஒன்றே ஒன்று கேட்கலாம். எந்த ஓநாயைச் சொல்றீங்க? தன் குட்டிகளோடு திரியும் ஓநாயையா, இல்லை, கிளம்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்த ஓநாயையா?