இரண்டாம் முறை திறந்த முதுகு

எங்கள் சீர்காழிச் சட்டைநாதர், மாவலியை அடக்கிய திருமாலின் தோலைச் சட்டையாகவும் முதுகெலும்பைத் தண்டாகவும் கொண்டவர் என்பது தலபுராணம். அவர் சந்நிதிக்குப் படியேற வேண்டும். 2016-ல் என் இடுப்பு முள்ளெலும்புகள் இரண்டை ஸ்குரூ போட்டு இணைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்தும் என்னால் அந்தப் படி ஏற முடியவில்லை. ஸ்குரூ தளர்ந்துவிட்டது, எலும்பு சேரவே இல்லை என்று சி.டி. ஸ்கேன் காட்டியது. மறுபடி ஆபரேஷன் என்றார்கள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பயத்தில் இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

முள்ளெலும்புகளை இணைக்கும் சிகிச்சை 1911-ல் நியூயார்க்கில் பிறந்தது. காசநோய் முதுகை அரித்துக் கூன் விழவைத்த காலம்; அதற்கு மருந்து கிடையாது. ரஸல் ஹிப்ஸ் என்பவர் முள்ளெலும்பின் பின்புறத்தைச் செதுக்கி, அந்தச் சில்லுகளையே பாலமாக வைத்தார். ஃபிரெட் ஆல்பி முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் துண்டெடுத்துப் பதித்தார். இருவருமே ஸ்குரூ போடவில்லை. சேர்த்தது எலும்புதான்.

முள்ளெலும்பின் காம்பு வழியே ஸ்குரூ செலுத்தும் முறையை 1963-ல் தொடங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ருவா-காமிய். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உலோகத்தால் எலும்பை அசையாமல் நிறுத்துவதை அந்த மொழியில் 'ஓஸ்தியோசேந்தேஸ்' என்பார்கள். எலும்போடு எலும்பு கூடி ஒன்றாவது 'ஆர்த்ரோதேஸ்'. நாமோ இரண்டையும் சேர்த்து 'ஸ்குரூ ஆபரேஷன்' என்று சொல்லிவிடுகிறோம். ஸ்குரூ, தளம் போடும்போது அடிக்கும் சென்ட்ரிங் மாதிரி. கான்கிரீட் இறுகாவிட்டால் சென்ட்ரிங் எத்தனை நாள் தாங்கும்?

எலும்பு சேராததற்குப் புகையிலை, சர்க்கரை, கிருமித்தொற்று என்று காரணங்கள் உண்டு. முப்பது வருடமாக ஆபீசில் ஃபைலோடு வெற்றிலைப் புகையிலையும் என் மேஜையில் இருந்தது. முதல் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்த நான் அன்றோடு வாயை மூடினேன், புகையிலையையும் விட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று பார்த்த பிறகு, தளர்ந்த ஸ்குரூக்களை எடுத்துத் தடிமனானவற்றைப் போட்டு, என் இடுப்பெலும்பிலிருந்தே எலும்பு எடுத்து வைத்தார்கள். ஒரு வருடத்தில் பாலம் விழுந்தது. வலி முழுக்கப் போகவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது.

இரண்டாம் ஆபரேஷனுக்குக் கூப்பிடும் டாக்டரிடம் நண்பர்கள் ஒன்று கேளுங்கள்: முதல் முறை ஏன் சேரவில்லை? வலிக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. விடை தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சட்டைநாதர் படியை இப்போது நான் நின்று நின்று ஏறுகிறேன். ஏறிவிடுகிறேன்.