தள்ளினால் புறப்படாத வான்

2003 ஆம் ஆண்டு. ஏ-9 வீதி திறக்கப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்வதற்காக, பத்திரிகையாளர் ஐவர் சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு வான் பேசப் போனோம். முற்றத்தில் இரண்டு வான்கள் நின்றன. இரண்டும் யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின்னர் இங்கு வந்தவை. ஒன்று ரொயோட்டா ஹயஸ். டீசல் இயந்திரம், கையால் மாற்றும் கியர். மற்றையது ரொயோட்டா எஸ்ரிமா. முட்டை போன்ற உடல், மெத்தென்ற ஆசனங்கள், ஓட்டோ கியர். நான் எஸ்ரிமாவைக் காட்டினேன். எங்களுள் மூத்தவர் மறுத்துவிட்டார்.

“ஓட்டோ வேண்டாம் தம்பி. வன்னிக்குள்ளை நிண்டால் தள்ளி ஸ்ராட் பண்ண ஏலாது.”

புதியதைக் கண்டு அஞ்சும் மனம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது என் தவறு.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. நான் அப்போது கலைப்பீட மாணவன். மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடிய காலம். நோயாளியை ஏற்றிய காரை ஊரே சேர்ந்து தள்ளிய காட்சிகள் சாதாரணம். தள்ளும்போது சாரதி கிளச்சை மெல்ல விடுவார். சில்லுகள் இயந்திரத்தைச் சுழற்றும். ஓர் இருமல், ஒரு குலுக்கல், கார் புறப்பட்டுவிடும்.

ஓட்டோ கியரில் இந்த வித்தை பலிக்காது. இயந்திரத்துக்கும் கியருக்கும் நடுவே கிளச் இல்லை; எதிரெதிரே வைத்த விசிறிகள்போல அலகுகள் சுழலும் ஓர் எண்ணெய்க் கலம் இருக்கிறது. டோர்க் கொன்வேட்டர் என்பது அதுதான். கியர்களைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பியோ இயந்திரம் ஓடினால்தான் ஓடும். ஊர் முழுவதும் திரண்டு தள்ளினாலும் உள்ளே எதுவும் பிடிக்காது. மூத்தவரின் மறுப்பு பத்தாண்டுப் பொருளாதாரத் தடை கற்றுக்கொடுத்த பாடம்.

யப்பானியரின் பாடம் வேறு. டோர்க் கொன்வேட்டர் பூட்டிய முதலாவது யப்பானியக் காரான மிக்காசாவை 1957 இல் விற்பனைக்கு விட்டது ஒக்காமுரா என்ற நிறுவனம். இன்று அதனை உலகம் அலுவலகக் கதிரை, மேசைகளால் அறியும்! 1959 இல் ரொயோட்டா தனது ரொயோகிளைட் கியரைக் கொண்டுவந்தது. ஓட்டோ கியர் செய்வதற்கென்றே 1969 இல் ஐசின்-வோர்னரும் 1970 இல் ஜட்கோவும் பிறந்தன. 1991 இல் ஓட்டோ வாகனத்தை மட்டும் ஓட்டுவதற்கான தனி அனுமதிப்பத்திரமே அங்கு நடைமுறைக்கு வந்தது. நெரிசல் மிகுந்த நகரங்களில் வாழ்பவர்களுக்குக் கிளச் ஒரு வீண் சுமை.

வான்களின் வரலாற்றிலும் இதைக் காணலாம். 1967 இல் வந்த ஹயஸ் பொருளும் ஆளும் சுமக்கப் பிறந்த உழைப்பாளி. 1990 இன் எஸ்ரிமா குடும்பத்துக்கானது. அதன் இயந்திரத்தை ஏறத்தாழப் படுக்கவைத்து முன் ஆசனங்களுக்குக் கீழே ஒளித்திருந்தார்கள். 1994 இன் ஹொண்டா ஒடிசியில் கியர்த் தண்டு ஸ்ரியறிங் அருகே ஏறிவிட்டதால், முன் ஆசனத்திலிருந்து பின்னால் நடந்தே போகலாம். ஹொண்டாவின் ஓட்டோ கியருக்குள் மற்றவர்களுடையதைப் போன்ற கோள்வடிவப் பற்சில்லுத் தொகுதியும் இல்லை, இணைத்தண்டுகளில் பற்சில்லுகள். 2005 இன் நிசான் செரீனாவிலோ படிப்படியான கியரே கிடையாது. உருக்குப் பட்டி ஒன்றால் இணைந்த கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் வேகத்தைக் கூட்டும். இதற்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரண ஓட்டோ எண்ணெயை ஊற்றினால் கியர்பெட்டி கெட்டுவிடும். என்னைக் கேட்டால், பழைய நான்கு வேக ஓட்டோவே எங்கள் வீதிகளுக்கும் எங்கள் மெக்கானிக்மாருக்கும் பொருந்தியது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானிய வாகனங்கள் இங்கு குவிந்தன. அவர்களுக்கும் எங்களுக்கும் ஸ்ரியறிங் வலப்பக்கம் என்பது பெரிய வசதி.

அன்று ஹயஸில்தான் போனோம். அது எங்கும் நிற்கவில்லை. 2006 ஓகஸ்டில் அந்தப் பாதை மீண்டும் மூடப்பட்டது.

2012 இல் யாழ்ப்பாணத்தில் நான் வாடகைக்கு அமர்த்திய வான் ஒரு ரவுண்ஏஸ் நோவா. ஓட்டோ கியர். சாரதிக்கு முப்பது வயதிருக்கும். கிளிநொச்சியைக் கடந்து தேநீருக்கு இறங்கியபோதுதான் கவனித்தேன்: இடது முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால். முன்பு லொறி ஓட்டியவராம். 2009 இற்குப் பின்னர் கிளச் மிதிக்க முடியாமல் மூன்று ஆண்டுகள் சும்மா இருந்திருக்கிறார். கடனெடுத்து இந்த வானை வாங்கியது அண்மையில்தான்.

எனக்கு மூத்தவரின் நினைவு வந்தது. பற்றறி இறங்கி நடுவழியில் நின்றால் என்ன செய்வீர் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “பற்றறி இப்ப கடையிலை வாங்கலாம்தானே, அண்ணை.”