தால்ச்சேர் பனி: பிழை வரைபடத்தில் இருந்தது

மே மாத மதியம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இந்தியச் சமவெளியில் ஒருகாலத்தில் பனியாறு ஓடியது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும்.

1856-இல் ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். அங்கே நைசான வண்டலுக்குள் பெரிய பெரிய பாறாங்கற்கள் கிடந்தன. பாறாங்கல்லை உருட்டும் வெள்ளம் நைஸ் வண்டலை அங்கேயே விட்டுவைக்காதே! அப்படியானால் கல்லைச் சுமந்து வந்தது பனிக்கட்டியாக இருக்கலாம் என்றார்கள். அவர்களில் ஹென்றி பிளான்ஃபோர்டுதான் 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர்.

வெப்பமண்டலத்தில் பனி எப்படி? பல வருஷம் இது புதிர். 1912-இல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவப் பக்கம் இருந்தது. பனி சரி, வரைபடம்தான் தப்பு. எங்கள் பாஷையில் சொன்னால், இன்புட் பிழை.

ஆனால் எல்லாப் புதிரும் இப்படித் தீரவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் எலட்டினா படிவுகளில் பதிந்த பழைய காந்தத் திசை, 63 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பூமத்திய ரேகைக்கு அருகில் உருவானதைக் காட்டுகிறது. இங்கே நிலம் பனியைத் தேடிப் போகவில்லை, பனிதான் வந்திருக்கிறது.

ஏன் என்று சோதிக்கத்தான் காலநிலை மாதிரிகள். 1969-இல் புடிக்கோவும் செல்லர்ஸும் தனித்தனியே எழுதிய எளிய சமன்பாடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். பனி பரவினால் வெயில் கூடுதலாகத் திருப்பி அனுப்பப்படும், குளிர் கூடும், பனி இன்னும் பரவும். சூரியனைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைத்தேன். ஓர் எல்லை தாண்டியதும் பனி சரசரவென்று பூமத்திய ரேகைக்கே வந்துவிட்டது. பழைய வெயிலைத் திருப்பிக் கொடுத்தும் உருகவில்லை!

சரி, ஆரம்பத்தில் குளிர்ந்தது எதனால்? மழை பாறையை அரிக்கும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் செலவாகிறது. பாலாற்றில் தண்ணீர் வரும்போது வயலூர் அருகே கடலில் கரைசலாகச் சேர்வதும் இந்த வேலையின் மிச்சம்தான். பெருங்கண்டம் உடைந்து, உள்நிலத்துக்கும் மழை எட்டினால் இந்த அரிப்பு கூடிப் பூமி உறையக்கூடும் என்று 2004-இல் டொனாடியூ குழுவின் மாதிரி காட்டியது.

"இப்படித்தான் நடந்தது" என்று மாதிரி சொல்லாது. "இந்தக் காரணம் போதுமா" என்பதற்குத்தான் பதில் தரும். அதுவும் வரைபடம் சரியாக இருந்தால்! தால்ச்சேர் படிவுகளை இன்றைய வரைபடத்தில் வைத்து மாதிரியை ஓட்டினால், பிளான்ஃபோர்டுகள் சொன்னது பொய் என்றுதான் வரும். கல் சொன்னது உண்மை.