மைக் இல்லாத மேடைக்குப் பிறந்த கிதார்

முகம் மேடிட்ட பழைய ஆர்ச்டாப் கிதார் வாங்க நினைப்பவர்கள் அது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்தக் கதையே சொல்லிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். அங்கே ஆர்வில் கிப்சன் மாண்டலின்களையும் கிதார்களையும் கையாலேயே செய்துவந்தார். கிதாரின் முகம் என்றாலே தட்டையான மெல்லிய பலகை என்றிருந்த காலம் அது. அவரோ வயலின் செய்பவர்களைப் போலக் கெட்டிப் பலகையைச் செதுக்கி, நடுவில் மேடிட்ட முகத்தை உண்டாக்கினார். மரத்தை வளைத்து இறுக்கினால் நாதம் கெடும் என்பது அவருடைய கட்சி. 1898இல் இந்த முறையில் செய்த மாண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் உள்ளூர் வணிகர்கள் அவர் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள்.

இருந்தாலும் அந்தக் கிதார்களில் முகத்தின் நடுவே ஒற்றைத் துளைதான். இன்று நாம் காணும் உருவம் லாயிட் லோர் காலத்தில் வந்தது. 1919இல் கம்பெனியில் சேர்ந்த லோர், மேடையேறி மாண்டலின் வாசித்த கலைஞர். ஒலியின் இயல்பை ஊன்றிக் கற்றவர். 1922இல் வெளிவந்த எல்-5 கிதாரில் வயலினைப் போல இருபுறமும் எஃப் வடிவத் துளைகள் இருந்தன. உள்ளே முகப்பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டங்கள் ஓடின. தந்திகள் அவற்றைத் தாங்கும் குதிரையின் (பிரிட்ஜ்) மேலேறி இறங்கி, கருவியின் அடிவிளிம்பில் மாட்டிய உலோகப் பிடியில் முடிந்தன. தந்திகளின் அழுத்தம் குதிரை வழியாகக் கீழ்நோக்கி விழ, மேடிட்ட முகம் அதைத் தாங்குகிறது. அதனால் ஒலி சட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். தாளம் பிடிக்க இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை என்பேன்.

1924 முடிவில் லோர் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். கிதாரின் நல்ல காலம் அதற்குப் பிறகே வந்தது. அதுவரை ஜாஸ் குழுக்களில் பாஞ்சோ ஆட்சி செய்தது. ஊதுகருவிகளின் சத்தத்தை மீறிக் கேட்டது அதுதான். 1925 வாக்கில் மைக் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்யும் முறை வந்ததும், ஜாஸ் கிதார் கலைஞர் எடி லாங் எல்-5இல் வாசித்த நுணுக்கங்கள் ஊரெல்லாம் கேட்டன. ஆனால் நடன அரங்குகளில் கிதாருக்கென்று மைக் கிடையாது. ஆகவே கருவியே பெருக்க ஆரம்பித்தது. எபிஃபோன் கம்பெனி 1931இல் போட்டிக்கு வந்தது. கிப்சன் கம்பெனி 1934இல் எல்-5இன் உடல் அகலத்தை 16 அங்குலத்திலிருந்து 17 ஆக்கி, 18 அங்குல சூப்பர் 400ஐயும் இறக்கியது. பெயரிலுள்ள எண்தான் அதன் அன்றைய டாலர் விலை. நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ தன் சிறு பட்டறையில் செதுக்கிய கிதார்கள் இவற்றுக்கு ஈடாக நின்றன.

1936இல், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் பொருத்திய கிப்சனின் இஎஸ்-150 கிதார் வந்தபின் அளவுப் போட்டிக்கான அவசியம் மெல்லக் குறைந்தது. கவுன்ட் பேசி ஜாஸ் குழுவின் கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீனோ 1987இல் இறக்கும்வரை ஆர்ச்டாப்பின் சொந்தக் குரலையே நம்பி வாசித்தார். வேறு பலர் செதுக்கிய முகத்தில் ஓட்டை போட்டு பிக்கப்பைப் பதித்தார்கள். எத்தனையோ அருமையான கருவிகள் அப்படி ஊமையாயின என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே வாங்கும்போது, பிக்கப்புக்காக வெட்டிப் பிறகு அடைத்த தடம் உண்டா என்று எஃப் துளைக்குள் விளக்கும் சிறு கண்ணாடியும் விட்டுப் பாருங்கள். குதிரைக்கு அடியில் முகம் அமுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இருந்தால், அது திருகினால் அசைகிறதா என்று கடைக்காரரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். செல்லுலாய்ட் விளிம்பு நொறுங்குவது வயதின் குறை, அதைச் சரிசெய்யலாம். பூச்சு மங்கியதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆம்பிளிஃபயரில் செருகாமல் முதலில் வாசித்துப் பாருங்கள். அறையின் கடைசிச் சுவர்வரை தெளிவாகக் கேட்காத ஆர்ச்டாப்புக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.