ஆயாவின் குரல்

பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் 1911இல் நூலாக வெளியிட்ட சிறுவர் நாவலான 'தி சீக்ரெட் கார்டன்', இந்தியாவில் காலரா பரவும் நாட்களில் தொடங்குகிறது. சிறுமி மேரியை வளர்த்த ஆயா முதல் அத்தியாயத்திலேயே இறக்கிறாள். மேரி அவளுக்காக அழுவதில்லை; கதையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிடுகிறது.

மார்ஷா நார்மன் எழுத, லூசி சைமன் இசையமைத்து, 1991இல் பிராட்வேயில் அரங்கேறிய இசைநாடகம் மாண்டோரை விட்டுவிடவில்லை. அவர்கள் ஆவிகளாக யார்க்ஷயர் மாளிகை வரை உடன்வருகின்றனர். நோயுற்ற காலின் தேறவேண்டிப் பாடும் பாடலில் ஆயாவும் ஒரு பக்கிரியும் சேர்ந்துகொள்கின்றனர்.

கொள்ளைநோயைப் 'பிளேக் மாரியம்மன்' எனக் கோயில் கட்டி நினைவில் இருத்திய கொங்கு நாட்டார் நாம். நமக்கு இம்மாற்றம் பெரிது, ஆயினும் போதாது. மேடையிலும் ஆயா மேரியின் நினைவில் எழும் உருவமாகவே பாடுகிறாள். அவள் தன்னுடையோர் யாரை இழந்தாள் என்பதை நாவலும் கேட்கவில்லை, நாடகமும் கேட்கவில்லை.